மென்பொருளுக்கு முன்னால் ஒரு ஹார்ட் டிஸ்க்

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை போட்டோ பற்றியவை. படத்தைத் திருத்த எது நல்லது, அடுக்கி வைக்க எது நல்லது, அதுவும் காசு அதிகம் போகாமல் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். புது வாசகர்களுக்கு என்னைப் பற்றி ஒரு வரி: ஸ்டூடியோக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். நெகட்டிவில் பென்சில் வைத்து டச்சப் செய்ததிலிருந்து கலர் லேப், கம்ப்யூட்டர் ஆல்பம் வரை எல்லா வேலையிலும் கை நனைத்திருக்கிறேன். அதனால் என் பதில்களில் கொஞ்சம் கடைக்காரப் புத்தி தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். 2008-லிருந்து எடுத்த படங்களை எல்லாம் கூகுளின் பிகாசா மென்பொருளில்தான் பார்த்து வருகிறேன். 20 ஆயிரம் படம் இருக்கும். முகங்களுக்குப் பெயர்கூடக் கொடுத்து வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் இழுத்துக்கொண்டு கிடக்கிறது, புது லேப்டாப் வாங்கித் தருகிறேன் என்கிறான் மகன். பிகாசாவுக்குப் பதில் எதைப் போடுவது? மாதாமாதம் பணம் கட்டும் சமாசாரம் வேண்டாம். – மயிலாடுதுறை

சார், மகன் வாங்கித் தரட்டும். ஆனால் பழைய கம்ப்யூட்டரை அவசரப்பட்டு எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதீர்கள். உங்களுக்கே தெரியாமல் அதில் சில பொருள் ஒளிந்திருக்கிறது.

பிகாசாவை கூகுள் 2016 மார்ச்சில் கைவிட்டது. ஏற்கெனவே போட்டு வைத்தவர்களுக்கு இன்றும் ஓடுகிறது. ஓடுவதால்தான் பலர் அசையாமல் இருக்கிறார்கள். அதில் ஒரு படத்தை வெட்டி, வெளிச்சம் கூட்டி, 'சேவ்' அழுத்தினால் திருத்திய படம் பழைய பெயரிலேயே வெளியே நிற்கும். அசல் என்ன ஆகும்? அதே ஃபோல்டருக்குள், புள்ளியில் தொடங்கும் 'பிகாசா ஒரிஜினல்ஸ்' என்ற மறைவு ஃபோல்டருக்குப் போய்விடும். விண்டோஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொன்னால்தான் அது கண்ணில் படும். படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து பென் டிரைவில் ஏற்றுகிறவர்கள் அசலை எல்லாம் பழைய டப்பாவிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். நீங்கள் ஃபோல்டரை முழு ஃபோல்டராக ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு எடுங்கள். 'கட்' வேண்டவே வேண்டாம், 'காப்பி' மட்டும்.

திருத்திவிட்டு சேவ் அழுத்தாமல் விட்ட படங்களும் நிறைய இருக்கும். அந்தத் திருத்தம் படத்தில் ஏறவே இல்லை. பிகாசாவுக்குள் மட்டும் தெரியும். வேறு எதில் திறந்தாலும் திருத்தாத படம்தான் வரும். வேண்டியதற்கெல்லாம் இப்போதே சேவ் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து பெயர்கள். படத்துக்குக் கீழே நீங்கள் எழுதிய விளக்கமும் டேக்கும் ஜேபெக் ஃபைலுக்குள்ளேயே இருக்கின்றன, படம் எங்கே போனாலும் கூடவே வரும். முகத்துக்குக் கொடுத்த பெயர் அப்படியில்லை, அது பிகாசாவின் சொந்தக் கணக்குப் புத்தகத்தில் கிடக்கிறது. 3.9 பதிப்பு வைத்திருந்தால் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், நேம் டேக்ஸ் என்று போனால் பெயரைப் படத்துக்குள் எழுதச் சொல்லும் கட்டம் இருக்கும். அதை டிக் செய்யுங்கள். பிறகு அதே டூல்ஸில் 'எக்ஸ்பெரிமென்டல்' என்ற இடத்தில் முகங்களை எக்ஸ்எம்பியில் (படத்தோடு குறிப்புகளை எழுதி வைக்கும் பொது முறை) எழுதும் கட்டளையை ஓட்டுங்கள். 20 ஆயிரம் படத்துக்கு நேரம் பிடிக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். காப்பி எடுத்த பிறகுதான் இந்த வேலை, மறந்துவிடாதீர்கள். இது முடிந்ததும் இன்னொரு முறை காப்பி எடுங்கள்.

இவ்வளவு நீட்டி முழக்குவதற்குக் காரணம் இருக்கிறது. யார் எந்த மென்பொருளைப் பற்றிக் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நாளைக்கு இதை விட்டு வெளியேறினால் உங்கள் கையில் என்ன மிஞ்சும்? இலவசமா, காசா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

உங்களுக்கு நான் சொல்வது டிஜிகேம். 2001-லிருந்து தன்னார்வலர்கள் வளர்த்து வரும் திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், ஒரு பைசா கிடையாது. பிகாசா படத்துக்குள் எழுதிய முகப் பெயர்களை அது படித்துக்கொள்ளும். முதல் முறை திறக்கும்போது வரிசையாகச் சில கேள்வி கேட்கும். படங்கள் எங்கே இருக்கின்றன, தகவல் தளத்தை எங்கே வைக்க என்பதற்கெல்லாம் அது காட்டுவதற்கே சரி சொல்லலாம். ஒரு கேள்வியில் மட்டும் நில்லுங்கள். நீங்கள் போடும் குறிப்புகளைப் படத்துக்குள் எழுதவா, வேண்டாமா என்று கேட்கும். தானாக விட்டால் 'வேண்டாம்' என்றே போகும். 'ஃபைலில் எழுது' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஒரு கிளிக்கைத் தவறவிட்டால் இன்னும் பத்து வருஷம் கழித்து இதே கடிதத்தை மறுபடி எழுதுவீர்கள்.

முகம் தேடும் வசதிக்கு டிஜிகேம் முதலில் ஒரு பெரிய தகவல் மூட்டையை இறக்கும், இணையம் நன்றாக இருக்கும் இடத்தில் செய்யுங்கள். அண்ணன் தம்பியைக் குழப்பும். ஐந்து வயதுப் பேத்தியையும் அவள் அம்மாவின் ஐந்து வயதுப் படத்தையும் ஒரே ஆள் என்று சத்தியம் செய்யும். திருத்தித் திருத்திச் சொல்லித்தர வேண்டும். வாத்தியாருக்கு அது புதிதா என்ன!

டேக் தமிழிலேயே போடலாம். ஆனால் ஒரே டேக்கில் கதை எழுதாதீர்கள். படத்துக்குள் குறிப்பு எழுதும் பழைய ஐபிடிசி முறையில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் இடம். தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் தின்னும். 'கா' என்றால் எழுத்து ஒன்று, கால் ஒன்று, ஆக 6. 'பெரியத்தை கல்யாணம்' 52 பைட், அடங்கிவிடும். 'பெரியத்தை கல்யாணம் மாயவரம்' என்று போட்டால் 74. பழைய முறையை மட்டும் படிக்கும் மென்பொருளில் மாயவரம் பாதியில் அறுந்து நிற்கலாம். ஆள் ஒரு டேக், விசேஷம் ஒரு டேக், ஊர் ஒரு டேக் என்று பிரித்துப் போடுங்கள். தேடவும் அதுதான் வசதி. ஃபோல்டர் பெயரில் மட்டும் வருஷமும் மாதமும் முதலில் வரட்டும், '2019-05 பெரியத்தை கல்யாணம்' என்பது போல. கம்ப்யூட்டர் தானாகவே வரிசையில் நிறுத்திவிடும்.

டிஜிகேமைத் திறந்ததும் நாலு பக்கமும் பட்டன்களாகத் தெரியும், கொஞ்சம் மிரட்டும். பார்க்கவும் வெட்டவும் மட்டும் போதும் என்றால் ஃபாஸ்ட்ஸ்டோன் இமேஜ் வியூவர் அல்லது எக்ஸ்என்வியூ எம்பி போதுமானது. வீட்டு உபயோகத்துக்கு இரண்டும் இலவசம். முகமெல்லாம் தேடாது, ஆனால் பழைய கம்ப்யூட்டரில்கூட வேகமாக ஓடும்.

செலவுக் கணக்கு: படம் ஒன்று 4 எம்பி என்று வைத்தாலும் 20 ஆயிரம் படம் 80 ஜிபிதான். 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று மகன் வீட்டில். ஆக, உங்கள் பட்ஜெட் முழுவதும் டிஸ்க்குக்கு, மென்பொருளுக்குப் பூஜ்யம்.

கேள்வி: அக்கா, காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். செகண்ட் ஹேண்டில் கேனன் 1500டி வாங்கினேன். ரா ஃபைலில், அதாவது கேமரா எந்த மெருகும் போடாமல் அப்படியே தரும் ஃபைலில், எடுத்தால்தான் நன்றாகத் திருத்தலாம் என்கிறார்கள். லேப்டாப் 8 ஜிபி ரேம். படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளின் கிராக்கை (காசு கட்டாமல் ஓடும் திருட்டுப் பிரதி) பென் டிரைவில் தருகிறேன் என்கிறான் நண்பன். போடலாமா? – சிவகாசி

வேண்டாம் தம்பி. கிராக் போடச் சொல்லும் குறிப்பில் முதல் வரியே 'ஆன்டிவைரஸை அணைத்துவிடு' என்று இருக்கும். வீட்டுக்கு யாரென்றே தெரியாத ஆள் வந்து, முதலில் நாயைக் கட்டு என்றால் கதவைத் திறப்பாயா? கிராக்கோடு கூடவே வந்த வைரஸ் படங்களை எல்லாம் பூட்டிப் போட்டுவிட்டுப் பணம் கேட்ட கதை ஸ்டூடியோக்காரர்கள் வட்டாரத்தில் புதிதில்லை. சட்டம் தனி. அதை உன் காலேஜில் சொல்லித்தருவார்கள்.

உனக்குக் கிராக்கே தேவையில்லை. கேமரா கம்பெனிகள் தங்கள் ரா ஃபைலுக்கென்று மென்பொருள் இலவசமாகவே தருகின்றன. கேனனுக்கு டிஜிட்டல் போட்டோ புரொஃபெஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். கேனன் தளத்தில் கேமராவின் சீரியல் நம்பரைக் கேட்டால், கேமராவின் அடியில் இருக்கிறது, பார்த்துப் போடு. கொஞ்சம் மெதுவாக ஓடும், பார்க்கப் பழைய பாணி. ஆனால் கேமராவின் பின் திரையில் நீ பார்த்த அதே நிறம் கம்ப்யூட்டரிலும் வரும். ஆரம்பத்தில் அது பெரிய நிம்மதி.

அது கைவந்த பிறகு டார்க்டேபிள் போடு. திறந்த மூலம், இலவசம், லைட்ரூம் செய்கிற ரா வேலையில் பெரும்பகுதியைச் செய்யும். முதல் நாள் பிடிக்காது, சொல்லிவிட்டேன். உன் ரா ஃபைல் அதில் மங்கலாக, உயிரில்லாமல் தெரியும். கேமரா ஜேபெக்கில் தானாகப் பூசும் பவுடரை டார்க்டேபிள் பூசுவதில்லை, அவ்வளவுதான். பயந்து நூறு ஸ்லைடரையும் இழுக்காதே. எக்ஸ்போஷர், சிக்மாய்டு, லென்ஸ் கரெக்‌ஷன், 'டீநாய்ஸ் புரொஃபைல்டு' என்ற நாலை மட்டும் முதல் மாதம் வைத்துக்கொள். கடைசியாகச் சொன்னது உன் கேமரா மாடலையும் ஐஎஸ்ஓவையும் (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) பார்த்து, படத்தில் பொரி பொரியாகத் தெரியும் புள்ளிகளை அதற்கேற்ற அளவில் எடுக்கும். கோயில் திருவிழாவில் ராத்திரி 3200 ஐஎஸ்ஓவில் எடுத்த படம் ஒன்றில் போட்டுப் பார், நான் சொல்வது புரியும். முகத்தை 100 சதவீதத்தில் பெரிதாக்கிவிட்டுப் போடு. சின்னதாக வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

8 ஜிபியில் ஓடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லையென்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். பொறுமை இல்லாவிட்டால் ராதெரபியைப் போட்டுப் பார். அதுவும் இலவசம், கிராஃபிக்ஸ் கார்டையே எதிர்பார்க்காது.

டார்க்டேபிளில் எனக்கு மிகவும் பிடித்தது: ரா ஃபைலைத் தொடவே தொடாது. நீ செய்த திருத்தம் எல்லாம் பக்கத்தில் ஒரு குட்டி எக்ஸ்எம்பி ஃபைலாக உட்காரும். 'இது என்ன குப்பை' என்று அதை அழித்துவிடாதே, உன் உழைப்பு அதில்தான் இருக்கிறது. படத்தை டிஸ்க்குக்கு மாற்றும்போது அதையும் சேர்த்து மாற்று. நட்சத்திரம் போட 1 முதல் 5 வரை கீபோர்டில் தட்டு, வேண்டாத படத்தை ஒதுக்க ஆர். எடுத்ததில் பத்தில் ஒன்றை வைத்துக்கொண்டால் போதும். உன் கேமரா ரா ஒன்று ஏறக்குறைய 25 எம்பி வரும், ஆயிரம் படத்துக்கே 25 ஜிபி காலி.

கேட்காத ஒரு விஷயமும் சொல்கிறேன். முகத்தை வெளுக்க வைக்காதே. ஸ்டூடியோவில் 'கொஞ்சம் கலர் கூட்டுங்க' என்று கேட்டு வாங்கிக் கேட்டு வாங்கி, நம் ஊர்க் கல்யாண ஆல்பங்களில் எல்லாருக்கும் ஒரே மைதா நிறம். ட்யூப்லைட்டின் பச்சையையும் சீரியல் செட்டின் நீலத்தையும் வெண்மைச் சமனில் (ஒயிட் பேலன்ஸ்) எடுத்தாலே கறுப்பு முகம் அழகாக வரும்.

கேள்வி: கூகுள் போட்டோஸில் 15 ஜிபி நிறைந்துவிட்டது என்று தினமும் சிவப்பில் காட்டுகிறது. முன்பு எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்றார்களே? பணம் கட்டுவதா, இல்லை வேறு இலவச ஆப் இருக்கிறதா? – தாம்பரம்

முன்பு சொன்னது உண்மைதான். 2015-ல் தொடங்கியபோது கொஞ்சம் சுருக்கிய படங்களை அளவில்லாமல் வைத்துக்கொள்ளலாம். 2021 ஜூன் 1-லிருந்து அதை நிறுத்தினார்கள். அன்றைக்கு முன் அந்த முறையில் ஏற்றியவை இன்றும் கணக்கில் வராது. அதற்குப் பின் ஏறியது எல்லாம் 15 ஜிபியில்தான் கழியும், அதுவும் ஜிமெயில், டிரைவ் இரண்டோடும் பங்கு போட்டுக்கொண்டு.

படத்தை அழிக்கும் முன் வாட்ஸ்அப்பைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் முன்பு கணக்கில் வராது. 2024-லிருந்து அதுவும் இந்த 15-க்குள்தான். குடும்ப குரூப்பில் வரும் காலை வணக்கப் பூங்கொத்தும் வீடியோவும் உங்கள் பேத்தியின் முதல் பிறந்தநாளை வெளியே தள்ளிக்கொண்டிருக்கலாம். பேக்கப்பில் வீடியோவை நீக்கிவிடுங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே சிவப்பு போய்விடும்.

போகவில்லையென்றால் இரண்டு பொறிகளில் மட்டும் விழாதீர்கள். போனில் இடம் வேண்டும் என்று கூகுள் போட்டோஸ் ஆப்புக்குள் போய்ப் படத்தை டெலீட் செய்தால் போனிலும் போகும், மேகத்திலும் (கூகுளின் இணையச் சேமிப்பு) போகும். குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், பிறகு கிடையாது. போனில் மட்டும் காலி செய்ய 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று தனியே இருக்கிறது. இரண்டாவது, 'ரெகவர் ஸ்டோரேஜ்' என்று ஒன்று. அசல் படங்களைச் சுருக்கி இடம் மீட்டுத் தரும். சுருக்கியது சுருக்கியதுதான். டிஸ்க்கில் அசல் காப்பி இருந்தால் மட்டும் அதை அழுத்தலாம்.

காப்பி எடுக்க கூகுள் டேக்அவுட். உங்கள் படங்கள் ஜிப் மூட்டைகளாக வரும். கூடவே படத்துக்கு ஒன்றாக 'ஜேசான்' என்ற குட்டி ஃபைல்களும் வரும். கூகுளில் உட்கார்ந்து நீங்கள் திருத்திய தேதி, எழுதிய விளக்கம் எல்லாம் அதில் இருக்கிறது, படத்துக்குள் இல்லை. அழிக்காமல் சேர்த்தே வையுங்கள். கேமரா எழுதிய தேதி படத்துக்குள் பத்திரமாக இருக்கும்.

பணம் கட்டலாமா என்றால், கட்டலாம். 100 ஜிபி திட்டம் வீட்டு வரவு செலவில் தாங்கக்கூடியதுதான், அந்தத் தேடும் வசதிக்கு இணையாக இலவச மென்பொருளில் சுலபமாக எதுவும் கிடைக்காது. ஆனால் அது வாடகை வீடு என்ற நினைப்பு இருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை டேக்அவுட் எடுத்து டிஸ்க்கில் போடுங்கள். கட்டவும் மாட்டேன், அழிக்கவும் மாட்டேன் என்று இருந்தால் முதலில் மெயில் வருவது நிற்கும்.

கேள்வி: மாதம் இரண்டு மூன்று கல்யாணம் எடுக்கும் சின்ன ஸ்டூடியோ. இலவச மென்பொருள் நீங்கள் அடிக்கடி சொல்கிறீர்கள். தொழிலுக்கு அது தாங்குமா, லைட்ரூம், ஃபோட்டோஷாப் விற்கும் அடோபிக்குச் சந்தா கட்டியே ஆக வேண்டுமா? – அறந்தாங்கி

தொழில் என்றால் என் பதில் வேறு. ஒரு கல்யாணத்துக்கு 3,000 கிளிக். அதில் முகூர்த்தப் படம் ஒன்றைத் திருத்தி, அதே திருத்தத்தை அடுத்த 200-க்கும் ஒரே தட்டில் ஒட்டுவது, முகத்தை மட்டும் தானாகப் பிடித்து வெளிச்சம் கூட்டுவது, 2023-ல் வந்த ஏஐ டீநாய்ஸ், இதிலெல்லாம் லைட்ரூம் கிளாசிக் மிச்சம் பிடித்துத் தரும் நேரம்தான் உங்கள் காசு. மாதம் மூன்று கல்யாணம் உறுதியாக இருந்தால் கட்டுங்கள்.

கட்டும் முன் கவனிக்க வேண்டியது: 20 ஜிபி மேகத்தோடு வந்த மலிவான போட்டோகிராபி திட்டம் 2025 ஜனவரியோடு புதியவர்களுக்கு இல்லை, பழைய யூடியூப் வீடியோவில் சொன்ன விலையை நம்பிப் போகாதீர்கள். 'வருடத் திட்டம், மாதம் மாதம் கட்டணம்' என்பது மாதத் திட்டம் அல்ல. இடையில் நிறுத்தினால் மீதி மாதங்களின் தொகையில் பாதி வரை கேட்பார்கள். அமெரிக்காவில் இதை மறைத்து விற்றதாக, வணிக ஆணையம் அனுப்பிய புகாரின் பேரில் அரசே 2024-ல் அடோபி மேல் வழக்குப் போட்டது. கல்யாண சீசனுக்கு மட்டும் வேண்டுமென்றால் உண்மையான மாதத் திட்டம் இருக்கிறதா, எவ்வளவு என்று பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

சந்தா நின்றால் என்ன மிஞ்சும்? லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம், படம் திருத்தும் டெவலப் பகுதியும் மேப் பகுதியும் மட்டும் பூட்டிக்கொள்ளும். மோசமில்லை. ஆனாலும் கேட்டலாக் செட்டிங்ஸில் 'மாற்றங்களைத் தானாக எக்ஸ்எம்பியில் எழுது' என்பதை இப்போதே டிக் செய்து வையுங்கள். நட்சத்திரமும் டேக்கும் வேறு மென்பொருளுக்கு வந்துவிடும். திருத்தங்கள் அப்படியே வராது, எந்த மென்பொருளுக்கு மாறினாலும் வராது. அதனால் வாடிக்கையாளருக்குக் கொடுத்த இறுதி ஜேபெக்கைத் தனியே வைப்பது கட்டாயம்.

ஃபோட்டோஷாப் எலிமெண்ட்ஸ் என்ற சின்னத்தம்பியைச் சிலர் 'ஒரு தடவை வாங்கினால் போதும்' என்று சொல்வார்கள். 2025 பதிப்பிலிருந்து அது மூன்று வருஷ உரிமம். காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஃபோட்டோஷாப்புக்கு மாற்றாக கிம்ப், அஃபினிட்டி, ஃபோட்டோபீ மூன்றில் எது? அழைப்பிதழ், பேனர் செய்வேன். – பொள்ளாச்சி

தமிழ் எழுத்து போடுவீர்கள் என்பதால் முதலில் அதைச் சோதியுங்கள். 'கொழுந்து', 'கௌரி' என்று யூனிகோடில் அடித்துப் பாருங்கள். கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியே சிதறி நின்றால் அந்த மென்பொருள் பேனருக்கு ஆகாது. கிம்ப் இதைச் சரியாகவே காட்டும். ஃபோட்டோஷாப்பிலேயே பழைய பதிப்புகளில் தெற்காசிய எழுத்து முறையைத் தனியாக இயக்கினால்தான் ஒழுங்காக வரும். அது தெரியாமல்தான் டிசைனர்கள் இன்னும் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

கிம்ப் 3.0 2025 மார்ச்சில் வந்தது. ஃபில்டரைப் போட்ட பிறகும் திரும்பிப் போய் மாற்றும் வசதி அதில்தான் வந்தது, பழைய 2.10-ஐப் பார்த்து வெறுத்தவர்கள் இன்னொரு முறை பார்க்கலாம். அஃபினிட்டியை 2024-ல் கேன்வா வாங்கியது, 2025 அக்டோபரிலிருந்து கேன்வா கணக்கு வைத்திருந்தால் இலவசம். அருமையான மென்பொருள். ஆனால் ஒரு கம்பெனி இன்று இலவசமாகத் தருவது நாளையும் அப்படியே இருக்கும் என்று எழுதிக் கொடுக்கவில்லை. முடித்த வேலையை பிடிஎஃப், டிஃப் என்று பொது வடிவத்திலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஃபோட்டோபீ பிரவுசரிலேயே ஓடும், ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலையும் திறக்கும், படம் உங்கள் கம்ப்யூட்டரை விட்டுப் போகாது, ஓரத்தில் விளம்பரம் வரும். அவசரத்துக்கு நல்லது. 12க்கு 36 அங்குல ஆல்பம் தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) திறந்தால் கிட்டத்தட்ட 39 மெகாபிக்சல், அதில் நாலைந்து லேயர் சேர்ந்தால் பிரவுசர் திணறும்.

கேள்வி: தாத்தா காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களும், 80-களின் கலர் ஆல்பமும் இருக்கின்றன. கலர் படங்கள் எல்லாம் சிவந்துவிட்டன. ஸ்கேன் செய்து சரிப்படுத்த என்ன மென்பொருள் வாங்கலாம்? – காரைக்குடி

எதுவும் வாங்க வேண்டாம். ஸ்கேனர் இருக்கும் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். 4க்கு 6 அங்குலப் படத்தை 300 டிபிஐயில் எடுத்தால் 2 மெகாபிக்சல் சொச்சம்தான் வரும், 600-ல் எடுங்கள், 8-க்கு மேல் வரும். குட்டிப் பாஸ்போர்ட் படமென்றால் 1200. ஸ்கேனரில் 'தானாகச் சரிசெய்' என்பதை அணைத்துவிட்டு, அசல் எப்படி இருக்கிறதோ அப்படியே டிஃப் ஆகச் சேமியுங்கள். திருத்தம் எல்லாம் அதன் காப்பியில்.

ஒட்டும் பிளாஸ்டிக் தாள் ஆல்பமாக இருந்தால் படத்தைப் பிய்க்காதீர்கள், எமல்ஷன் (படம் பதிந்திருக்கும் மேல்பூச்சு) உரிந்து வந்துவிடும். வராத படத்தைத் தாளோடு போனில் எடுங்கள். கூகுளின் போட்டோஸ்கேன் ஆப் இலவசம். நாலு புள்ளிகளுக்கு போனை நகர்த்தச் சொல்லி, வெளிச்சம் பட்டுப் பளபளக்கும் இடத்தை நீக்கித் தரும். சில்க் பேப்பரில் போட்ட படங்களுக்குத்தான் தொல்லை. நாங்களே போட்டுக் கொடுத்தோம், விரல் ரேகை தெரியாது என்று. அந்தத் தேன்கூட்டு வரி ஸ்கேனரில் பளிச்சென்று விழும். அதே படத்தைப் பக்கவாட்டு வெளிச்சம் படாமல் நிழலில் வைத்துக் கேமராவில் எடுத்தால் வரி அடங்கும்.

சிவப்பாவது ஏன் என்றால், அந்தக் காலக் கலர் பேப்பரில் நீலப்பச்சைச் சாயம் மற்ற இரண்டையும் விடச் சீக்கிரம் வெளிறிவிடும். மிஞ்சுவது சிவப்பும் மஞ்சளும். கிம்பில் கலர்ஸ், ஆட்டோ, ஒயிட் பேலன்ஸ் என்று ஒரு தட்டுத் தட்டினாலே முக்கால்வாசி சரியாகும். மீதிக்கு லெவல்ஸில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே எடுத்து, அங்கே தெரியும் வரைபடத்தில் மேடுகள் தொடங்கும் இடத்துக்கு இரு முனைகளையும் இழுங்கள். வேட்டி வெள்ளையாகும் வரை என்பது எங்கள் கணக்கு. சட்டையின் நிறம் யாருக்கும் ஞாபகம் இருக்காது, வேட்டி வெள்ளைதான். நெகட்டிவ் கிடைத்தால் படத்தை விட அதுதான் பொக்கிஷம். டார்க்டேபிளில் 'நெகடாக்டர்' என்று இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது, ஆரஞ்சுப் பூச்சைக் கழித்து நிறத்தை எடுத்துத் தரும்.

கறுப்பு வெள்ளைக்குக் கலர் கொடுக்கும் ஏஐ ஆப்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது ஊகிக்கும் புடவை நிறம் பாட்டியின் புடவை நிறம் இல்லை. விளையாட்டுக்குச் செய்யுங்கள், அசலோடு கலக்காமல் தனி ஃபோல்டரில் வையுங்கள்.

ஸ்கேன் செய்த ஃபைலில் இன்றைய தேதிதான் இருக்கும். டிஜிகேமில் தேதியை மாற்றலாம். வருஷம் மட்டும் தெரிந்தால் ஜனவரி 1 என்று போட்டு 'தோராயம்' என்று ஒரு டேக் சேருங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் பென்சிலில் எழுதிய தேதியும் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: கம்ப்யூட்டரே இல்லை, போன் மட்டும்தான். நல்ல எடிட்டிங் ஆப்? – ராமநாதபுரம்

ஸ்னாப்சீட். விளம்பரம் இல்லை, முத்திரை இல்லை, பணம் இல்லை. 'செலக்டிவ்' என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள், முகத்தில் ஒரு புள்ளி வைத்து அங்கே மட்டும் வெளிச்சம் கூட்டலாம். மூன்று நாள் இலவசம் என்று கார்டு நம்பர் கேட்கும் ஆப்களைத் தொடாதீர்கள், நாலாம் நாள் வாரக் கட்டணம் ஓடத் தொடங்கும். யாருக்காவது நல்ல படம் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டுமென்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்; படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், எடுத்த தேதியும் அழிந்துவிடும். கம்ப்யூட்டர் இல்லாவிட்டாலும் டைப்-சி பென் டிரைவ் போனிலேயே மாட்டும். ஒன்று வாங்கி, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் படங்களை அதில் காப்பி செய்யுங்கள்.